ஐம்பது நிமிட ஐஸ்: யூ-9 ஹொக்கி அணிக்குப் பொறுப்பேற்பவருக்கு

ஒன்ராறியோவில் ஒரு சமூக ஐஸ் ஹொக்கிச் சங்கத்தின் யூ-9 (ஒன்பது வயதுக்கு உட்பட்டோர்) ஹவுஸ் லீக் அணிக்கு, அதாவது யாரையும் விலக்காமல் சேர்த்துக்கொள்ளும் உள்ளூர் அணிக்கு, வரும் பருவத்தில் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருக்க ஒப்புக்கொண்ட தந்தை ஒருவர், கடந்த ஆண்டு உதவியாளராக நின்ற அனுபவம் மட்டுமே தமக்கு இருப்பதாகவும், ஓகஸ்ட் பிறந்ததிலிருந்து ஆவலும் கலக்கமும் ஒன்றாக வந்து சேர்ந்திருப்பதாகவும், செப்டெம்பருக்கு முன் எவற்றை ஆயத்தம் செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறார். இந்த வயதுப் பிள்ளைகளோடு பல பருவங்கள் பனித்தளத்தில் நின்றவன் என்ற முறையில், எனக்கு முக்கியமாகத் தோன்றுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்ட உத்திகளையும் வரைபலகையையும் ஓகஸ்டில் தொடவே வேண்டாம். உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஐஸ் நேரம் எவ்வளவு, அதில் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எத்தனை நிமிடம் அசைந்துகொண்டிருக்கும் என்பதை மட்டும் கணக்கிடுங்கள். பருவத்தின் மற்ற முடிவுகள் பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்தே பிறக்கும்.

அரீனா ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் வாங்கினாலும், ஸாம்போனி வண்டி தளத்தைச் சமன் செய்ய எடுக்கும் பத்து நிமிடம் போக, பயிற்சிக்கு எஞ்சுவது பெரும்பாலும் 50 நிமிடம்தான். அணியில் 15 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகக் கூம்புகளைச் சுற்றிப் பக்கை (ஆட்டத்துக்கான ரப்பர் வட்டை) நகர்த்தி வந்து கோலை நோக்கி அடிக்கச் சொல்கிறீர்கள். ஒருவருக்குப் பத்து விநாடி என்றால், தம் முறை மீண்டும் வர ஒரு பிள்ளை ஏறத்தாழ இரண்டரை நிமிடம் காத்திருக்க வேண்டும். விளக்கம் சொல்வதற்கும் வரிசையை ஒழுங்குபடுத்துவதற்கும் பத்து நிமிடம் கழிந்தால், மீதி 40 நிமிடத்தில் அதற்கு 16 முறை கிடைக்கும். அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவான அசைவு. பெற்றோர் குளிரில் காத்திருந்து, விடியற்காலையில் எழுப்பி, அத்தனை கவசங்களையும் அணிவித்துக் கூட்டிவந்தது இந்த மூன்று நிமிடத்துக்காகவா என்று யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

அதே 15 பிள்ளைகளையும் நான்கு குழுக்களாகப் பிரித்துத் தளத்தின் நான்கு பகுதிகளில் நிறுத்தி, எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால், ஒரு குழுவில் மூவர் அல்லது நால்வரே இருப்பார்கள். இருவர் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய பயிற்சிகளாகத் தெரிவுசெய்துகொண்டால், அந்த 32 நிமிடத்தில் பாதியாவது ஒவ்வொருவரும் அசைவில் இருப்பார்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் பக்கோடு விருப்பம்போல் சறுக்க விட்டு, முடிவில் பத்து நிமிடம் குறுக்குத் தளத்தில் (தளத்தின் அகலவாக்கில்) சிறு ஆட்டங்கள் வைத்தால், இடம் மாறும் நேரத்தோடு 50 நிமிடமும் நிறைவாகிவிடும். பயிற்சியின் விளக்கத்தைப் பனியில் நின்று சொல்லாமல் உடை மாற்றும் அறையில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை பனியில் கால் வைத்த பின் எதையும் காது கொடுத்துக் கேட்பதில்லை, அதைக் குற்றமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான்கு பகுதிகளுக்கு நான்கு பேர் வேண்டுமே என்பது நியாயமான கவலை. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற மாணவர்கள் 40 மணி நேரம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும். உங்கள் சங்கத்தின் யூ-15, யூ-18 அணிகளில் ஆடும் பிள்ளைகள் பலர் அந்த மணி நேரங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சங்கத்தின் அனுமதியோடு அவர்களில் இருவரை இப்போதே கேட்டு வையுங்கள். பதினைந்து வயது அக்கா ஒருத்தி பின்னோக்கிச் சறுக்கிக் காட்டும்போது சிறுவர்கள் பார்க்கும் பார்வை, நாம் எவ்வளவு விளக்கினாலும் நமக்குக் கிடைக்காது.

எவற்றைப் பயிற்றுவிப்பது என்ற கேள்விக்கு இந்த வயதில் பெருமளவுக்குச் சறுக்குதல்தான் பதில். விழுதல், கைகளால் உந்தாமல் எழுதல், பிளேடை இரு பக்கமும் திருப்பிச் சட்டென நிற்றல், பிளேடின் உள் விளிம்பிலும் வெளி விளிம்பிலும் எடையை மாற்றி வைத்தல், பின்னோக்கிச் சறுக்குதல், வளைவில் ஒரு காலை மறு காலுக்கு மேலாக எடுத்து வைத்தல் ஆகியவற்றுக்கு வாரந்தோறும் ஏதாவதொரு பகுதியில் இடம் இருக்க வேண்டும். ஆனால் இவற்றைப் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். விளையாட்டுக்குள் ஒளித்துக் கொடுத்தால் களைப்பே தெரியாமல் செய்வார்கள். நான் விரும்பி வைக்கும் விளையாட்டு கிளித்தட்டு. பனியில் ஏற்கெனவே நீலக் கோடுகளும் சிவப்புக் கோடும் இருக்கின்றன. கோட்டைக் காப்பவர் கோட்டை விட்டு விலகாமல் பக்கவாட்டில் விரைந்து நகர வேண்டும். கடப்பவர் வேகத்தையும் திசையையும் திடீரென மாற்றி அவரை ஏமாற்ற வேண்டும். தற்காப்பு ஆட்டக்காரருக்கும் முன்னணி ஆட்டக்காரருக்கும் தேவையான கால் வேலை இரண்டும் அதில் அடங்கிவிடுகின்றன. ஊரில் ஆடிய அப்பாக்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று உரத்த குரலில் உத்தி சொல்லத் தொடங்குவார்கள் என்பது மட்டுமே இதிலுள்ள இடர்.

அடுத்து அரைத்தள ஆட்டம். நாட்டின் ஹொக்கி நிர்வாக அமைப்பான ஹொக்கி கனடா 2017-18 பருவத்தில் மிகச் சிறு வயதினருக்குக் குறுக்குத் தள ஆட்டத்தையும், 2019-20 பருவத்தில் இன்று யூ-9 எனப்படும் பிரிவுக்கு அரைத்தள ஆட்டத்தையும் கட்டாயமாக்கியது. இது உண்மையான ஹொக்கி அல்ல என்று குறைப்படும் பெற்றோர் ஒருவராவது உங்கள் அணியில் இருப்பார் என்பதால் காரணத்தை இப்போதே ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்கப் பனித்தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது, தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லின் ஆட்டக்காரர்கள் ஆடுவதும் அதே அளவில்தான். அந்த நீளத்தில் எட்டு வயதினரை விட்டால், வேகமாகச் சறுக்கும் ஒரு பிள்ளை பக்கை எடுத்துக்கொண்டு தனியே ஓடும். மீதிப் பேர் அதன் பின்னால் துரத்தி, பாதி வழியில் திரும்பி, மூச்சு வாங்கி நிற்பார்கள். இடம் சுருங்கும்போது பக் எல்லாரிடமும் அடிக்கடி வருகிறது, நெருக்கத்தில் முடிவெடுக்கும் பழக்கம் வளர்கிறது, கோலிக்கும் (கோல் காப்பவருக்கும்) வேலை கிடைக்கிறது. அதே தளத்தில் இரண்டு ஆட்டங்கள் நடக்க முடிவதால் வாங்கில் காத்திருக்கும் நேரமும் குறைகிறது. யூ-9 ஆட்டங்களில் குறித்த இடைவெளியில் மணி ஒலித்ததும் ஆடுவோர் அனைவரும் மாற வேண்டும் என்பதால், திறமையான பிள்ளையை நீண்ட நேரம் பனியிலேயே விட்டு வைக்கும் சபலத்துக்கும் வழியில்லை. என் கருத்தில், கடந்த பத்தாண்டுகளில் சிறுவர் ஹொக்கியில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுவே. பாதுகாப்பின் பொருட்டு 2013இல் 11, 12 வயதுப் பிரிவில் உடல் மோதலை நீக்கிய முடிவையும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன்.

சாதாரண பக் ஆறு அவுன்ஸ் எடையுள்ளது. சிறு வயதினருக்கென நான்கு அவுன்ஸ் எடையில் நீல நிற பக் ஒன்றும் உண்டு. உங்கள் பிரிவில் ஆட்டத்துக்கு எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று சங்கத்திடம் கேட்டுக்கொண்டு, பயிற்சியில் எடை குறைந்ததையும் கலந்து கொடுங்கள்; மணிக்கட்டால் பக்கை எழுப்பும் அசைவு மெலிந்த கைகளுக்கு அதில்தான் முதலில் பிடிபடும்.

பிள்ளைகளை மதிப்பிடும் நாள் வரும்போது கையில் பிறந்த மாதப் பட்டியல் ஒன்று இருக்கட்டும். யூ-9 என்பது டிசம்பர் 31 அன்று ஒன்பது வயது நிறையாதவர்களின் பிரிவு. இரண்டு பிறப்பாண்டுகள் அதில் சேர்கின்றன. முதல் ஆண்டின் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆண்டின் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே அணியில் இருக்கலாம். இடையில் ஏறத்தாழ இரண்டு வருட வளர்ச்சி இருக்கிறது. 1980களில் ஆல்பர்ட்டாவில் பணியாற்றிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும், கனடாவின் உயர்நிலை இளையோர் ஹொக்கியில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகையான எண்ணிக்கையில் இருப்பதைக் காட்டினார்கள். ஆறேழு வயதில் உயரமாக இருந்ததால் தேர்வானவருக்கு நல்ல பயிற்சியும் கூடுதல் ஐஸ் நேரமும் கிடைத்தன. கிடைத்ததால் அவர் உண்மையிலேயே மேலானவர் ஆனார். கடைசி மாதங்களில் பிறந்த பலர் ஆர்வமிழந்து விலகிப்போனார்கள். ஹவுஸ் லீக்கில் நீங்கள் யாரையும் விலக்கப்போவதில்லை என்றாலும், யாருடைய பெயரை அடிக்கடி கூப்பிடுகிறீர்கள், யாரைக் கொண்டு பயிற்சியைச் செய்துகாட்டுகிறீர்கள் என்பதில் இதே சாய்வு தெரியாமலே நுழையும். நவம்பரில் பிறந்த பிள்ளை மெதுவாகச் சறுக்குகிறது என்றால், அதன் வயதுக்கு அது மெதுவா என்ற கேள்வியை நான் பட்டியலைப் பார்த்த பின்பே கேட்பது வழக்கம்.

கோலி விடயத்தில் உறுதியாக இருங்கள். இந்த வயதில் ஒரு பிள்ளையை மட்டும் நிரந்தரக் கோலியாக்க வேண்டியதில்லை. விரும்பும் எல்லாரும் முறை வைத்து நிற்கட்டும். சறுக்கும் திறன் முழுமையாக வளரும் முன் வலைக்குள் அடைக்கப்பட்ட பிள்ளை பின்னாளில் நல்ல கோலியாகவும் வருவதில்லை, ஏனென்றால் நல்ல கோலிக்கு வேண்டியதும் பிளேடு விளிம்புகளின் கட்டுப்பாடுதான். விரைவாகக் கழற்றி மாட்டக்கூடிய கால் கவசங்களைப் பல சங்கங்கள் இரவலாகத் தருகின்றன.

பாதுகாப்பு விடயங்களையும் காகித வேலைகளையும் ஓகஸ்டிலேயே முடித்துவிடுவது நல்லது. பயிற்றுவிப்பாளருக்கான தொடக்கநிலைப் பயிற்சி, விளையாட்டில் மரியாதை பற்றிய இணையவழிப் பாடம், சிறுவரோடு பழகுவோருக்கான காவல்துறைப் பின்னணிச் சோதனை ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னது கைக்கு வரச் சில வாரங்கள் எடுக்கலாம். முதலுதவிக்கும் காயங்களுக்கும் பொறுப்பான, அதற்கெனச் சான்றிதழ் பெற்ற ட்ரெய்னர் ஒருவர் அணியில் இருக்க வேண்டும். பெற்றோருள் தாதியர் எவரேனும் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். பனியில் நீங்களும் கனடாவின் தர நிர்ணய அமைப்பான சி.எஸ்.ஏ-யின் சான்று பெற்ற தலைக்கவசம் அணிய வேண்டும். வாரை இறுக்காமல் தொங்கவிட்டால் பிள்ளைகளும் அப்படியே தொங்கவிடுவார்கள்.

ரோவன் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பலர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் இன்னொரு தாளாகவே நினைக்கிறார்கள். ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயது மாணவி, 2013 மே மாதத்தில் பள்ளி ரக்பி ஆட்டங்களில் சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்தார். முந்தைய அடியின் பாதிப்பு ஆறும் முன்பே அவர் மீண்டும் களமிறங்கியிருந்தார். அவர் பெயரால் 2018இல் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய இச்சட்டத்தின்படி, மூளை அதிர்ச்சி பற்றிய தகவல்களை ஆட்டக்காரரும் சிறுவரின் பெற்றோரும் பயிற்றுவிப்பாளரும் ஆண்டுதோறும் படித்து உறுதிப்படுத்த வேண்டும். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் எழுந்தாலே பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். மருத்துவரின் அல்லது நேர்ஸ் பிராக்டிஷனரின் அனுமதி இல்லாமல் முழுப் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ திரும்ப விடக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை தனக்குத் தலை சுற்றுகிறது என்று பெரும்பாலும் சொல்லாது. வழமைக்கு மாறாக அமைதியாகிவிடும், அல்லது காரணமின்றி அழும். அந்த மாற்றத்தைக் கவனிப்பது உங்களுடையதும் ட்ரெய்னருடையதுமான வேலை.

கழுத்துக் கவசமும் அப்படியே. 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் ஸ்கேட் பிளேடு கழுத்தை வெட்டி அடம் ஜோன்சன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் இறந்த பின் உலகெங்கும் இதைப் பற்றிப் பேசினார்கள். கனடாவின் சிறுவர் ஹொக்கியில் கியூபெக்கின் தர நிர்ணய அமைப்பான பி.என்.கியூ-வின் சான்றுள்ள கழுத்துக் கவசம் அதற்கு முன்பிருந்தே கட்டாயம். பிள்ளைகள் அது குத்துகிறது என்று கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள் என்பதால், கதவைத் திறந்து பனிக்கு விடும்போது ஒவ்வொருவர் கழுத்தையும் நான் ஒரு பார்வை பார்த்தே விடுவேன். உடை மாற்றும் அறையில் பின்னணிச் சோதனை முடித்த பெரியவர்கள் இருவர் இருப்பது, கைத்தொலைபேசியை அங்கே எடுக்காதிருப்பது, பிள்ளைகள் கவசங்களுக்கு உள்ளே அணியும் அடிப்படை உடுப்பை வீட்டிலேயே அணிந்து வருவது ஆகியவற்றை முதல் நாளிலேயே வழக்கமாக்கிவிடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தை முதல் பயிற்சிக்கு முன் வையுங்கள். பயிற்றுவிப்பாளர் பதவியைப் பலர் இடையில் விட்டுவிட்டுப் போவதற்குக் காரணம் பிள்ளைகள் அல்லர் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். எல்லாருக்கும் சமமான ஆட்ட நேரம், எல்லாரும் எல்லா நிலைகளிலும் நிற்பது, கோல் எண்ணிக்கையைப் பற்றிக் காரில் விசாரணை நடத்தாதிருப்பது ஆகிய மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். குறை இருந்தால் ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்தே பேசுவது என்ற, பல அணிகள் கைக்கொள்ளும் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் எழுந்த கோபங்களில் ஞாயிறு இரவு வரை தாங்குபவை மிகச் சிலவே.

உங்கள் அணியில் தமிழ்க் குடும்பங்கள் சில இருக்கக்கூடும் என்பதால் இன்னும் இரண்டு விடயங்கள். ஸ்கேட்டைக் கட்டிய அனுபவமே இல்லாத பெற்றோர், பிள்ளை வளரும் என்று இரண்டு அளவு பெரிய ஸ்கேட்ஸ் வாங்கிவிடுவார்கள். சப்பாத்துக்கு அது சரி. ஸ்கேட்டில் குதிகால் ஆடினால் கணுக்கால் உள்ளே மடியும், பிள்ளை ஒரு பருவம் முழுவதும் தனக்கு வராது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். காலுக்குச் சரியான பழைய ஸ்கேட்ஸ் பெரிதான புதியவற்றைவிடப் பல மடங்கு மேல். தலைக்கவசமும் கழுத்துக் கவசமும் தவிர்ந்த மற்றவற்றை இரண்டாம் கையாக வாங்கத் தயங்க வேண்டாம் என்றும், கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குக் கனேடியன் டயர் நிறுவனத்தின் ஜம்ப்ஸ்டார்ட் போன்ற உதவித் திட்டங்கள் உண்டு என்றும் எல்லாருக்கும் பொதுவாக அறிவியுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மற்றொன்று சனிக்கிழமை. காலைத் தமிழ் வகுப்பும் ஹவுஸ் லீக் ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்து மோதுவது இங்கே புதிதல்ல. கால அட்டவணை இறுதியாகும் முன்பே சங்கத்தின் அட்டவணைப் பொறுப்பாளரிடம் இதைச் சொல்லி வைத்தால் சில வாரங்களாவது பிற்பகலுக்கு மாறக்கூடும். மாறாத வாரங்களில் பிந்தி வரும் பிள்ளையைத் தண்டிக்காதீர்கள்.

நிறத்தையோ பெயரையோ வைத்து யாராவது ஏளனம் செய்தால் அதை விளையாட்டுப் பேச்சென்று விட்டுவிடக் கூடாது. ஹொக்கி கனடாவின் விதிப்புத்தகத்தில் பாகுபாட்டுக்கென 11.4 என்ற விதி இருக்கிறது. நடுவர் காதில் விழாத சம்பவத்தையும் முறைப்படி அறிவிக்க வேண்டும். எட்டு வயதில் இது அரிது. ஆனால் பெயரைத் தவறாக உச்சரிப்பது அரிதல்ல. அதை நாமே செய்யாதிருக்க முதல் நாளன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆவலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எதை எதிர்பார்க்கலாம் என்றால், ஒக்டோபரில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பேன். நவம்பர் நடுப்பகுதியில், ஒரு பக்கமாக மட்டுமே நிற்கத் தெரிந்த பிள்ளை மறுபக்கமும் நிற்கும். அதைத் தானே கவனித்து உங்களைத் திரும்பிப் பார்க்கும். டிசம்பரில் எல்லாரும் களைத்துப்போவார்கள். தடிமன் காய்ச்சலில் பாதி அணி வராது. அந்த வாரங்களில் கூம்புகளை எடுக்காமல் ஆட்டங்களை மட்டும் வையுங்கள். ரொறன்ரோ மாநகரின் திறந்தவெளிப் பனித்தளங்கள் நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை கட்டணமின்றித் திறந்திருக்கும். குடும்பத்தோடு அங்கே போகும் பிள்ளைகள் ஜனவரியில் திரும்பி வரும்போது யார் யார் என்று சொல்லாமலே தெரியும். பெப்ரவரியில் யாரும் கற்றுக்கொடுக்காமலே ஒரு பிள்ளை தலையை நிமிர்த்தி, வெற்றிடத்தில் நிற்கும் தோழிக்குப் பக்கைத் தள்ளிவிடும். அரைத்தளத்தில் நெருக்கியடித்து ஆடிய மாதங்கள் அப்போதுதான் வேலை செய்யும். எனக்கு இன்னும் ஓகஸ்டில் ஆவல் பிறப்பது இந்த ஒரு பாஸுக்காகத்தான்; எந்தப் பிள்ளையிடமிருந்து அது வரும் என்பதை நான் ஒரு பருவத்திலும் சரியாக ஊகித்ததில்லை.

முதல் பயிற்சிக்கு, அகலமான வெள்ளை ஒட்டுநாடாவும் தடித்த மையெழுதியும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தலைக்கவசத்தின் முன்புறமும் பெயரை எழுதி ஒட்டுங்கள், ஏனெனில் முகக்கூண்டுக்குப் பின்னால் எல்லாரும் ஒரே முகமாகத்தான் தெரிவார்கள். விசிலை மூன்று முறைக்கு மேல் ஊத வேண்டாம். பயிற்சித் திட்டத்தை ஒரு தாளில் எழுதி மடித்துக் கையுறைக்குள் வையுங்கள். பாதிப் பிள்ளைகளின் ஸ்கேட்ஸ் கட்டவே பத்து நிமிடம் பிந்தும் என்பதால், நான்கு பகுதிகளில் ஒன்றைக் கைவிட்டால் எதைக் கைவிடுவீர்கள் என்பதையும் அதே தாளின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இறுதிப் பத்து நிமிட ஆட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கைவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் அவர்கள் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.